பீட்சா அடுப்பு ஒரே நாள்ல கட்டற வேலை இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பத்திரிகை இணைப்புல வீட்டுத் தோட்டத்துல ஒரே நாள்ல பீட்சா அடுப்பு கட்டறது எப்படின்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. படமெல்லாம் நல்லா இருந்துச்சு, காலையில செங்கல் அடுக்கறாங்க, சாயங்காலம் தீ எரியுது, குழந்தைங்க தட்டோட நிக்குது. அதைப் பார்த்ததுல இருந்து எனக்கு கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. நான் கோயமுத்தூர் கணபதி பக்கம் இரும்பை உருக்கி வார்க்கற ஒரு பவுண்டரில 31 வருசம் குபோலா ஃபர்னஸ்ங்கற இரும்பு உருக்கற உலை பக்கத்துலயே நின்னவன். ரிட்டயர் ஆகி வடவள்ளி தாண்டி வீடு கட்டி வந்தப்புறம் பின்னாடி தோட்டத்துல இதே அடுப்பைக் கட்டினேன், கெடுத்தேன், பிரிச்சேன், மறுபடி கட்டினேன். அதனாலதான் எழுதறேன். உங்க கட்டுரையில சொல்லாம விட்டதுதான் இந்த வேலையில பாதி.

முதல்ல சிமெண்ட். சாதா சிமெண்டும் மணலும் கலந்து பூசி கட்டுங்கன்னு போட்டிருக்கு. சாதா சிமெண்ட் 300 டிகிரி தாண்டினாலே பலம் போக ஆரம்பிச்சுருமுங்க, 400, 500-ன்னு போகப் போக இறுகும்போது உள்ள பிடிச்சு வச்ச தண்ணியும் கழண்டு வந்து அப்படியே மாவா உதிரும். பீட்சா அடுப்போட உள்கூரை அந்த சூட்டை ஒவ்வொரு தடவையும் தொடும். செங்கல் விஷயத்துல நான் அவ்வளவு கறாரா சொல்ல மாட்டேன், நாட்டுச்செங்கல் சூளையில வெந்து வந்ததுதானே, தீயைத் தாங்கும், எவ்வளவோ ஊர்ல அதுலயே கட்டி வருசக்கணக்கா எரிச்சுட்டு இருக்காங்க. ஆனா சட்டுனு சூடாகி சட்டுனு ஆறி, மறுபடி சூடாகின்னு போகும்போது அதோட முகம் செதில் செதிலா உரியும், தரையில அது உரிஞ்சா நீங்க திங்கறதுல மண்ணு வரும். அதனால தரைக்காவது சூடு தாங்கறதுக்குன்னே செய்யற ஃபயர் பிரிக் போடுங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். கிரானைட் பலகை போட்டா பளபளன்னு இருக்கும்னு எழுதினதை மட்டும் யாரும் செஞ்சுராதீங்க, சூடு ஒரே சீரா ஏறாம கிரானைட் வெடிச்சுரும்.

எதுக்கு இவ்வளவு சூடுன்னு கேக்கலாம். வீட்டு கரண்ட் ஓவன் 250 டிகிரியோட நின்னுக்கும், அதுல பீட்சா வேக பத்து பன்னெண்டு நிமிசம் ஆகும், அதுக்குள்ள மாவுல இருக்கற ஈரம் எல்லாம் போயி வறுக்கி மாதிரி ஆயிரும். இத்தாலியில நேப்பிள்ஸ்காரங்க இதுக்குன்னே 1984-ல ஒரு சங்கம் வச்சு, எந்த மாவு, எத்தனை சூடுன்னு சட்டம் போட்டு வச்சிருக்காங்க, அவங்க கணக்குல பீட்சா விறகு அடுப்புல 60-ல இருந்து 90 நொடிக்குள்ள வெந்து வெளிய வரணும். அந்த பீட்சா சுடற கைவேலைய 2017-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. இதெல்லாம் என் மக சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவதான் இன்னொன்னும் சொன்னா, அதே ஊர் பக்கத்துல பாம்பேயின்னு ஒரு ஊரு கி.பி. 79-ல எரிமலை சாம்பல்ல மூடிப்போச்சாம், தோண்டிப் பார்த்தா ஒரு ரொட்டிக்கடை அடுப்புக்குள்ள 81 ரொட்டி கரியா போயி அப்படியே இருந்துச்சாம். நெட்ல அந்த அடுப்புகளோட படத்தைப் பார்த்தேன், செங்கல்ல குடமாட்டம் கூரை, முன்னாடி ஒரு வாய். நாம இப்ப கட்டறதும் அதேதான், இதுல புதுசா கண்டுபிடிக்க ஒண்ணும் இல்லீங்க.

பொருளுக்கு கோயமுத்தூர்ல அலைய வேண்டியதே இல்ல. இத்தனை பவுண்டரி இருக்கற ஊரு, ஃபயர் பிரிக், ஃபயர் கிளேங்கற சூடு தாங்கற களிமண்ணு, சூடு வெளிய போகாம மேல சுத்தற செராமிக் ஃபைபர் பிளாங்கெட் எல்லாம் பவுண்டரி சாமான் விக்கற கடையிலயே கிடைக்கும். கல்லு 9 இன்ச், நாலரை இன்ச், 3 இன்ச் சைசு, ஒண்ணு கிட்டத்தட்ட 4 கிலோ வரும். எனக்கு 130 கல்லு பிடிச்சுது, அப்படின்னா அரை டன்னு, அதனால அடியில பீடம் நல்லா இருக்கணும், நான் ஹாலோ பிளாக் மேல 4 இன்ச் கம்பி போட்ட கான்கிரீட் போட்டேன். ஒரு விஷயம் மட்டும் கேட்டு வாங்குங்க. கடையில மேக்னசைட் கல்லும் இருக்கும், சேலம் பக்கம் அந்தத் தாது நிறைய, விலையும் சாஸ்தி. விலை சாஸ்தின்னா நல்லதா இருக்கும்னு நம்மாளுங்க அதை வாங்கிருவாங்க. அது ஸ்டீல் ஃபர்னஸுக்கு. ஈரம் பட்டா கெட்டுப்போகும், சட்டுனு சூடு மாறினா வெடிக்கும், சூட்டையும் ஓட விட்டுரும். நமக்கு வேண்டியது சாதாரண அலுமினா களிமண் கல்லு, அதுலயும் கம்மி கிரேடே போதுமுங்க, குபோலாவுல 1,400 டிகிரிக்கு மேல உருகின இரும்பு பக்கத்துல நிக்கற கல்லு, பீட்சா சூடெல்லாம் அதுக்கு வெயில் காயற மாதிரி.

அளவு. உள்வட்டம் 36 இன்ச், கூரை உயரம் அதுல பாதி 18 இன்ச், வாயோட உயரம் பதினொன்னரை இன்ச். இந்தப் பதினொன்னரை சும்மா வந்ததில்ல. வாய், கூரை உயரத்துல நூத்துக்கு 63 பங்கு இருக்கணும்னு கட்டறவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. வாய்க்குக் கீழ்பாதில குளிர்ந்த காத்து உள்ள போகும், மேல்பாதில புகை வெளிய வரும், அந்த வாய்க்கு மேல கூரையில தங்கற சூடு வெளிய போக வழி இல்லாம உள்ளயே சுத்தும். வாய் உசந்துட்டா சூடு நிக்காது, தாழ்ந்துட்டா தீ மூச்சு முட்டும். உங்க படத்துல வாய் கூரை வரைக்கும் போகுது, பார்க்க அழகா இருக்கு, ஆனா அதுல நீங்க எவ்வளவு விறகு போட்டாலும் வெளிய நிக்கறவனுக்குத்தான் குளிர் காய ஆகும். புகைபோக்கியும் கூரை நடுவுல வச்சிருக்கீங்க, அது தப்பு, வாய்க்கு வெளிப்பக்கம் முன்னாடி வரணும், நடுவுல ஓட்டை போட்டா சூடு நேரா வானத்துக்குப் போயிரும்.

கூரை கட்டறதுக்கு எனக்குப் பழைய வேலையே கை கொடுத்துச்சு. பவுண்டரில உருகின இரும்பை ஊத்தற பெரிய வட்ட மணல் மோல்டு எல்லாம் பேட்டர்ன்ங்கற மாதிரி அச்சு இல்லாம நடுவுல ஒரு தண்டு நட்டு அதுல பலகைய சுத்தி மணலைச் சீவி எடுப்போம், ஸ்வீப்புன்னு சொல்லுவோம். அதே மாதிரி தரை நடுவுல ஒரு ஆணி, அதுல 18 இன்ச் குச்சி ஒண்ணு எல்லாப் பக்கமும் திரும்பற மாதிரி கட்டிட்டு, ஒவ்வொரு கல்லும் குச்சி நுனியத் தொடற மாதிரி வச்சுட்டே போனேன். கல்லைப் பாதியா வெட்டித்தான் வைக்கணும், இல்லாட்டி வட்டம் வராது. கலவை மணல் 3 பங்கு, சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே 1. சிமெண்ட் ஆகாதுன்னு சொல்லிட்டு நீயே போடறியேன்னு கேப்பீங்க, அது முதல்ல பிடிச்சு நிக்கறதுக்கு மட்டும், அப்புறம் சூட்டுல அது போனாலும் களிமண்ணும் சுண்ணாம்பும் தாங்கிக்கும். ஏழாவது வரிசை வரைக்கும் கல்லு தானா நிக்கும், அப்புறம் வழுக்கும், அடியில முட்டுக் கொடுத்து மூடினேன். பக்கத்து வீட்டு பெரியம்மா மதில் மேல எட்டிப் பார்த்துட்டு, "ஏஞ் சாமி, ஆருக்கு சமாதி கட்டற?"ன்னு கேட்டுட்டுப் போச்சு.

இனி நான் பண்ணின கூத்தைச் சொல்றேன், இதுக்குத்தான் இந்த லெட்டரே.

பேத்திக்கு ஞாயித்துக்கிழமை பொறந்தநாளு. அடுப்பு புதன்கிழமை முடிஞ்சுது. அப்பிச்சி அடுப்புலதான் பீட்சான்னு அவ ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டா. நான் 31 வருசம் என்ன பண்ணினேன்? குபோலாவுல தினமும் உருக்கி முடிச்சதும் அடிக்கதவைத் திறந்து மிச்சத்தைக் கொட்டிட்டு, மறுநாள் உள்ள இறங்கி அரிச்சுப்போன இடத்துல கிளே வச்சுப் பூசுவோம், பூசின உடனே கோக் கரி போட விடுவனா? மெதுவா விறகுத் தீ போட்டுக் காய வச்சப்புறம்தான். இரும்பைப் பிடிக்கற லேடில்ங்கற வாளியில கொஞ்சம் ஈரம் இருந்து அதுல உருகின இரும்பைப் பிடிச்சா என்ன ஆகும்னு கண்ணால பார்த்தவன் நான், புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கறதே அதுதான். ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா 1,600 லிட்டருக்கு மேல இடம் கேக்கும், வழி கொடுக்காட்டி அதுவே வழி பண்ணிக்கும். அத்தனையும் தெரிஞ்சவன், வீட்டுல வந்தவுடனே புத்தி எங்க போச்சுன்னு தெரியல, நாலாம் நாளே நல்லா காஞ்ச புளிய விறகைப் போட்டு கொளுத்திட்டேன். வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்தேன், காஞ்சிருந்துச்சு. வெளிப்பக்கம் காஞ்சா போதுமா?

ஒரு மணி நேரம் நல்லாத்தான் எரிஞ்சுது. கூரை கரி பிடிச்சு கருப்பாகி, அப்புறம் அந்தக் கரியும் எரிஞ்சு வெள்ளையா வர ஆரம்பிச்சுது, அது 350 டிகிரி தாண்டிருச்சுன்னு அர்த்தம். நான் மீசைய முறுக்கிட்டு நிக்கறேன். முதல் பீட்சாவை உள்ள தள்ளினேன். மேல பார்த்தா அரை நிமிசத்துல சீஸ் கொதிக்குது, ஓரம் கருகுது, அடியத் தூக்கிப் பார்த்தா மாவு பச்சையா சப்பாத்தி மாவாட்டம் ஒட்டிட்டு வருது. என்னடா இதுன்னு ரெண்டாவதைப் போட்டுட்டுக் குனிஞ்சு பார்த்துட்டு இருக்கறப்ப உள்ள டப்புன்னு ஒரு சத்தம், துப்பாக்கி சுட்ட மாதிரி, பின்பக்கக் கூரையில இருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு கழண்டு நேரா பீட்சா நடுவுல விழுந்துச்சுங்க. குழந்தைங்க ஓன்னு கத்திட்டு ஓடுது. என் வீட்டுக்காரி ஒண்ணும் பேசல, உள்ள போயி தோசைக்கல்லை வச்சா. பேத்தி மட்டும் வந்து, "அப்பிச்சி, அதுல கல்லு டாப்பிங்கா?"ன்னு கேட்டா. இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுல பீட்சான்னா கல்லு டாப்பிங்தான்.

சில்லு விழுந்ததுக்குக் காரணம் ஈரம். அடி வேகாததுக்கு வேற காரணம், அது எனக்கு சாயங்காலம்தான் புரிஞ்சுது. எல்லாரும் போனப்புறம் பீடத்துக்கு அடியில விறகு வைக்கற இடத்துல கைய நீட்டினேன், மேல கான்கிரீட்டைத் தொட்டா சுடுது. நான் தரைக்கல்லுக்கு அடியில ரெண்டு இன்ச் மணல் மட்டும்தான் போட்டிருந்தேன், உங்க கட்டுரையிலயும் அதேதான் இருக்கு, மணல் பரப்பி அதுமேல கல்லு. மணல் சூட்டைத் தடுக்காதுங்க, மெதுவா உறிஞ்சிக் கீழ கொடுத்துட்டே இருக்கும். ஒரு மணி நேரம் எரிச்ச விறகுல பாதி, கான்கிரீட்டை சூடு பண்ணத்தான் போயிருக்கு. எங்க பக்கத்துல பழைய பேக்கரி வச்சிருந்த ஒருத்தர்கிட்ட அப்புறமா கேட்டா, அவங்க விறகு அடுப்புத் தரைக்கு அடியில உடைஞ்ச கண்ணாடியும் கல் உப்பும் கொட்டித்தான் மேல கல்லு பாவுவாங்களாம். துண்டுக்குத் துண்டு இடையில காத்து நிக்குதில்ல, அதுதான் தடுப்பு.

நல்லவேளை தரைக்கல்லை நான் கலவை வைக்காம சும்மா பாவியிருந்தேன், கூரையும் தரைக்கு மேல இல்லாம தரையைச் சுத்தி நின்னுச்சு. மச்சான் மகன் ஒல்லியானவன், அவனைப் பதினொன்னரை இன்ச் வாய்க்குள்ள தோள் வரைக்கும் விட்டு ஒவ்வொரு கல்லா வெளிய எடுத்து, மணலைக் கரண்டில அள்ளிட்டு, அந்த இடத்துல சூட்டைத் தடுக்கற ரெண்டு இன்ச் கால்சியம் சிலிகேட் போர்டு வெட்டிப் போட்டு மறுபடி கல்லு பாவினோம். புதுசா கட்டறவங்க போர்டு வாங்க முடியாட்டி வெர்மிகுலைட் 5 பங்குக்கு சிமெண்ட் 1 பங்கு கலந்து நாலு இன்ச் போடலாம், பூச்செடி மண்ணுல கலக்கற அதே வெர்மிகுலைட்தான். விழுந்த பக்கம் மேல மூணு வரிசை பிரிச்சுக் கட்டினேன். கூரை மேல பிளாங்கெட் ஒரு இன்ச் கனம், மூணு சுத்து. காசைக் குறைக்கணும்னா அலங்காரத்துல குறைங்க, டைல்ஸ் ஒட்டறதை விடுங்க, இந்த பிளாங்கெட்லயும் அடித் தடுப்புலயும் மட்டும் கை வைக்காதீங்க. உங்க கட்டுரையில 5,000 ரூபா போதும்னு போட்டிருக்கு, எனக்குப் பிரிச்சுக் கட்டினதோட 38,000 ஆச்சு, அதுல பிரிச்ச செலவு என் அவசரத்துக்குக் கட்டின அபராதம்.

ரெண்டாந்தடவை காய வச்ச முறை இது. முதல் ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு மூடி வச்சேன், சுண்ணாம்பும் சிமெண்டும் இறுகணும். அப்புறம் ரெண்டு வாரம் மழை படாம மேல ஷீட் கட்டி சும்மா காத்தாட விட்டேன். அப்புறம்தான் தீ, அதுவும் முதல் நாள் தீயே இல்ல, ஒரு இரும்புச் சட்டியில கரி போட்டு உள்ள வச்சு அஞ்சாறு மணி நேரம், 100 டிகிரிக்கு மேல போக விடல. மறுநாள் சுள்ளி, 150. இப்படி தினம் நாப்பது அம்பது டிகிரி ஏத்தி, அஞ்சாம் நாள் 300, ஏழாம் நாள்தான் கூரை வெள்ளையாச்சு. ராத்திரி வாயைத் தகரத்தட்டு வச்சு மூடிருவேன், காலையில எடுத்துப் பார்த்தா உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கும். நாலாம் நாள் வரைக்கும் வேர்த்துச்சுங்க! மூணு வாரம் காஞ்ச அடுப்பு. அப்ப நாலு நாள்ல நான் கொளுத்தினதுல எவ்வளவு தண்ணி உள்ள இருந்திருக்கும். தட்டு வேர்க்கறது நின்னப்புறம்தான் வெளிப்பூச்சு பூசினேன், முன்னாடியே பூசியிருந்தா ஈரம் போக வழி அடைஞ்சிருக்கும். மயிர்க்கோடு மாதிரி ரெண்டு மூணு விரிசல் வந்துச்சு, அது எல்லா அடுப்புலயும் வரும், அதுக்கு பயப்பட வேண்டாம்.

அடுத்தது உங்க மூணாவது படம். ஒரு தம்பி கிரைண்டர்ல ஃபயர் பிரிக் வெட்டறாப்ல, முகத்துல ஒண்ணும் இல்ல, சுத்தி வெள்ளைத் தூசி, பக்கத்துல ஒரு குழந்தை நின்னு வேடிக்கை பார்க்குது. அந்தத் தூசியில சிலிக்கா இருக்குங்க. அது நுரையீரல்ல போயி உட்கார்ந்தா வெளிய வராது, சிலிக்கோசிஸ்னு பேரு, மருந்து மாத்திரையில சரியாகற நோய் இல்ல. என்கூட மணல் பக்கம் வேலை பார்த்தவங்க ரெண்டு பேர் அம்பது வயசுல மாடிப்படி ஏற முடியாம உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கேன். அவங்க வருசக்கணக்கா மூச்சு விட்டாங்க, இவரு ஒரு நாள்தான், ரெண்டும் ஒண்ணில்ல, ஆனா தெரிஞ்சு எதுக்கு விழுங்கணும்? கல்லைத் தண்ணில நனைச்சு, தண்ணி ஊத்திட்டே வெட்டற மிஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வெட்டுங்க, கர்ச்சீப் கட்டறது மாஸ்க் ஆகாது, தூசிக்குன்னு இருக்கற என் 95 வாங்குங்க. பிளாங்கெட் வெட்டும்போதும் அதே கதைதான், கைக்குக் கிளவுஸ், முழுக்கை சட்டை, இல்லாட்டி ராத்திரி பூரா சொறிஞ்சுட்டு இருப்பீங்க. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டுல கிடக்குது, அதை உடைச்சு அடியில போட்டுக்கலாமான்னு எங்க தெருவுலயே ஒருத்தர் கேட்டாரு. அதைத் தொடவே வேண்டாமுங்க.

விறகு பத்தி கொஞ்சம். புளி, வேலிக்காத்தான் ரெண்டும் நின்னு எரியும், கங்கு நல்லா நிக்கும். தென்னை மட்டை குப்புன்னு பத்தும், பத்த வைக்க மட்டும் வச்சுக்கோங்க. பேக்கிங் பெட்டிப் பலகை, பிளைவுட், பெயிண்ட் அடிச்ச கதவு எதையும் போடாதீங்க, அந்தப் புகை அப்படியே சாப்பாட்டு மேல இறங்கும். எனக்கு சூடேத்த ஒன்றரை மணி நேரமும் 12, 13 கிலோ விறகும் ஆகுது. முதல் இருவது நிமிசம் புகை வரத்தான் செய்யும், அதனால பெரியம்மா வீட்டுல கொடியில துணி காயுதான்னு மதில் மேல பார்த்துட்டுத்தான் பத்த வைக்கறேன், முதல் பீட்சாவும் அங்கதான் போகும், அதுக்கப்புறம் சமாதின்னு ஒரு வார்த்தை வரல.

இப்ப தரை 400-ல நிக்குது, பீட்சா ரெண்டு நிமிசத்துக்குள்ள வருது, மைதா மாவுதான், அது போதும் எங்களுக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது மறுநாள் காலையிலதான். ராத்திரி கங்கை வெளிய இழுத்துட்டு வாயை மூடி வச்சா காலையில 170 டிகிரி நிக்குது. ஊற வச்ச கொள்ளை மண்பானையில நிறைய தண்ணி ஊத்தி மூடி 7 மணிக்கு உள்ள வச்சா 12 மணிக்கு விரல்ல நசுக்கினா மாவா மசியுது, ஒரு குச்சி விறகு செலவில்ல. என் வீட்டுக்காரி இந்த அடுப்பைத் தண்டச் செலவுன்னு சொல்றதை நிறுத்தினது பீட்சாவால இல்ல, அந்தக் கொள்ளுப் பருப்பாலதான்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தக் கட்டுரையப் படிச்சுட்டு இந்த சனி ஞாயிறுல யாராவது கட்டிட்டு இருப்பாங்க, எங்க சொந்தத்துலயே ஒரு மாப்பிள்ளை நேத்து போன் பண்ணி, செங்கல் இறக்கியாச்சு மாமான்னு சொன்னாரு. அவரை நான் நிறுத்திட்டேன், மத்தவங்களை நீங்கதான் நிறுத்தணும். பெரிய திருத்தமெல்லாம் வேண்டாம், அதே பக்கத்துல ஓரமா ஒரு சின்னப் பெட்டி போதும்: மூணு வாரம் காய விடுங்க, ஒரு வாரம் சின்னத் தீ போடுங்க, கல்லு வெட்டறப்ப மாஸ்க் போடுங்க, குழந்தைங்களைத் தள்ளி நிறுத்துங்கன்னு. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டீங்கன்னா நல்லதுங்க, ஞாயித்துக்கிழமைதான் எல்லாரும் பத்த வைப்பாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பவுண்டரி தொழிலாளி,
வடவள்ளி, கோயமுத்தூர்.